மறு: லேக் – ஒரு சொல் போதுமா?

நேரலைக் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் குழுவினருக்கு வணக்கம். நேரலையில் படம் வெட்டி வெட்டிப் போவதைப் பிள்ளைகள் 'லேக்' (lag) என்கிறார்கள். அதற்கு ஐயா முன்மொழிந்தது இது:

> 'லேக்' என்பதற்குப் 'பின்னடைவு' என்று வைத்துக்கொள்வோம். சுருக்கமாக இருக்கிறது. நேரலைக் கையேட்டையும் விரைவில் முடித்துவிடலாம்.

ஐயாவின் இந்த முன்மொழிவுக்கு நான் உடன்படவில்லை. வாக்கு எண்ணிக்கை நாளில் வேட்பாளர் பின்தங்கினால் நாளிதழ்கள் எழுதுகிற சொல் அது. கணினித் திரையில் அதைப் பார்க்கும் பையனுக்கு எதுவும் விளங்காது. ஆனால் என் மறுப்புக்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு. பின்னடைவோ, தாமதமோ, சுணக்கமோ, எதை வைத்தாலும் ஒரே சொல்லை வைப்பதுதான் தவறு என்கிறேன்.

கோ. புதூரில் கணினி பழுதுநீக்கும் கடை வைத்திருக்கிறேன். கணினியில் விளையாடி அதை யூடியூபில் நேரலையாகக் காட்டும் பிள்ளைகள் இப்போது நிறைய வருகிறார்கள். ஆனையூரிலிருந்து வந்த கல்லூரி மாணவர் ஒருவர், "லேக் அடிக்கிறது" என்று பார்வையாளர்கள் சொன்னதைக் கேட்டு, இணைய இணைப்பை அதிக வேகத் திட்டத்துக்கு மாற்றியிருந்தார். மாதக் கட்டணம் கூடியது. படம் முன்போலவே வெட்டி வெட்டித்தான் போனது.

அவருடைய கணினியில், நேரலையை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவைத் திறந்து, புள்ளிவிவரச் சாளரத்தை விளையாட்டுத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அதில் நமக்கு வேண்டிய வரிகள் மூன்று. இணையத்தால் இழந்த படங்களைக் காட்டும் வரியில் சுழியம். குறியாக்கத்தால் (என்கோடிங்) இழந்தவற்றைக் காட்டும் வரியிலும் சுழியம். தீட்டி (ரெண்டர் செய்து) முடிக்காமல் தவறியவற்றைக் காட்டும், மேலே இருந்த மூன்றாவது வரி மட்டும், விளையாட்டில் கூட்டமான ஒரு தெருவுக்குள் அவர் நுழைந்தவுடன் மளமளவென்று ஏறியது. விளையாட்டு தன் வேகத்துக்கு வரம்பே இல்லாமல் ஓடி, வரைகலை அட்டை முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தது. ஓபிஎஸ் தன் காட்சியை அடுக்கித் தீட்டுவதற்கு அட்டையில் இடமே இல்லை. விளையாட்டின் வேகத்தை நொடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம், அதாவது அசையும் படத்தின் ஒரு தனிப் படம்) என்று கட்டுப்படுத்தினோம். சரியாகிவிட்டது. இணைய நிறுவனத்துக்கும் அந்தக் கோளாறுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்தப் பிள்ளையின் பணத்தைத் தின்றது 'லேக்' என்ற ஒற்றைச் சொல். அதே குழப்பத்தைத் தமிழில் பெயர்த்து வைக்க நாம் எதற்கு உட்கார்ந்து பேச வேண்டும்?

நம் பக்கத்துப் பாசனத்தைப் பாருங்கள். மேலூர்க் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், அணையில் நீர்மட்டம் குறைவா, மதகு திறக்கவில்லையா, கால்வாய் உடைந்துவிட்டதா என்று விவசாயி பிரித்துத்தான் கேட்பார். வயல் காய்வது ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் மனு போக வேண்டிய இடம் வேறு வேறு.

நேரலையிலும் மூன்று இடங்கள். நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் காட்சியைத் தீட்டி முடிக்காவிட்டால் அந்தச் சட்டகம் தவறிப்போகிறது. இது வரைகலை அட்டையின் சுமை. தீட்டிய படத்தைச் சுருக்கிக் குறியாக்குவது அடுத்த வேலை. குறியாக்கி பின்தங்கினால் சில சட்டகங்களைத் தாண்டிப் போகிறது. மூன்றாவது, குறியாக்கியவற்றை இணையத்தில் அனுப்புவது. வழி அடைபட்டு வரிசை நீண்டால், நேரலை நடப்புக்குப் பிந்திவிடாமல் இருக்க ஓபிஎஸ் தானாகவே சில சட்டகங்களைக் கைவிடுகிறது.

ஆகவே என் முன்மொழிவு இது: தவறிய சட்டகம், தாண்டிய சட்டகம், கைவிட்ட சட்டகம். முதல் இரண்டின் காரணங்களுக்கு முறையே தீட்டல் சுணக்கம், குறியாக்கச் சுணக்கம். மூன்றாவதற்கு இணைய நெரிசல்.

> மூன்றாவதற்கு 'உதிர்ந்த சட்டகம்' அழகாக இருக்குமே!

திண்டுக்கல் நண்பர் எழுதியது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இலை தானாக உதிரும். இங்கே மென்பொருள் தெரிந்தே செய்கிறது. 'கைவிட்ட' என்றால் யாரோ முடிவெடுத்தார்கள் என்பது சொல்லிலேயே தெரிகிறது, ஏன் கைவிட்டது என்று அடுத்த கேள்வியும் பிறக்கிறது.

'தீட்டல்' பற்றிப் பலரும் தயங்குகிறீர்கள். கத்தி தீட்டுவதை நினைவூட்டுகிறதாம். ஓவியம் தீட்டுவதும் அதே சொல்தானே? 'வரைவு' என்றால் வரைவு அறிக்கை, வரைவு வாக்காளர் பட்டியல் என்று அரசு அலுவலகம் எடுத்துக்கொண்டுவிட்டது. 'காட்சியாக்கம்' என்பதைத் தரவுகளைப் படமாகக் காட்டுவதற்கு ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். தீட்டல் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்வோம். குறியாக்கத்தில் ஓர் எச்சரிக்கை: கடவுச்சொல்லை மறைத்து அனுப்புவதையும் சிலர் குறியாக்கம் என்று எழுதுகிறார்கள். அதை மறையாக்கம் என்று பிரித்துவிட்டால் சிக்கல் இல்லை. 'செயலி' என்ற சொல்லும் இன்று கைபேசிச் செயலியைத்தான் குறிக்கிறது. ஆகவே கணினியின் சிபியுவைக் கையேட்டில் மையச் செயலகம் என்றே எழுதலாம்.

'தாமதம்' என்ற சொல்லை இந்தக் கோளாறுகளில் எதற்கும் தரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு வேறு வேலை இருக்கிறது. நாம் செய்வது பார்வையாளருக்குச் சில நொடிகள் கழித்துத் தெரிகிறதே, அது கோளாறு அல்ல, நாமே தேர்ந்தெடுப்பது. யூடியூபில் இயல்பு, குறைவு, மிகக் குறைவு என்று மூன்று தாமத நிலைகள் உண்டு. தாமதத்தைக் குறைத்தால் அரட்டைக்கு உடனே பதில் சொல்லலாம். ஆனால் பார்வையாளரின் கருவியில் முன்கூட்டிச் சேர்ந்திருக்கும் படம் குறைந்துவிடுவதால், இணையம் சற்றுத் தடுமாறினாலும் வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். அந்த வட்டச் சுற்றலுக்கு (பஃபரிங்) 'இடையகக் காத்திருப்பு' என்று ஆசிரியர் அம்மா எழுதியிருந்தார். அதை அப்படியே ஏற்கலாம்.

'உறைதல்' எனக்குப் பிடித்த சொல். பால் தயிராக உறைகிறது, இரத்தம் உறைகிறது. பனி பார்க்காத ஊர்க்காரருக்கும் தெரிந்த வினை. படம் அப்படியே நின்றுவிட்டால் படம் உறைந்துவிட்டது என்று எழுதலாம். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் அறிகுறி மட்டுமே, காரணத்தின் பெயர் அல்ல. கையேட்டில் இதைத் தெளிவாகப் பிரித்து எழுத வேண்டும். விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் கணினி பதில் சொல்லாமல் போவதைத் தனியாக 'முடங்குதல்' என்று வைக்கலாம்.

சொற்களோடு தீர்வையும் சேர்த்து எழுதினால்தான் அவை நிலைக்கும். தவறிய சட்டகம் என்றால் விளையாட்டின் வேக வரம்பு, நிழல் போன்ற காட்சித் தரங்களைக் குறைத்தல், விண்டோஸில் ஓபிஎஸ்ஸை நிர்வாகியாக இயக்குதல். தாண்டிய சட்டகம் என்றால் மையச் செயலகத்திடமிருந்து குறியாக்கும் வேலையை வாங்கி வரைகலை அட்டையிடம் கொடுத்தல். என்விடியா 2012இல் வெளியிட்ட கெப்ளர் தலைமுறை முதல் அதன் பெரும்பாலான அட்டைகளில் குறியாக்கத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அப்படி ஒன்று இல்லாத பழைய கணினியில் படத்தின் தெளிவை 1080 தரத்திலிருந்து 720க்கு இறக்குவதுதான் வழி. கைவிட்ட சட்டகம் என்றால் முதலில் வைஃபையை விட்டுவிட்டு ஈத்தர்நெட் கேபிளைப் போடுங்கள். பிறகு பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள், பதிவிறக்க வேகம் இங்கே உதவாது. 1080 தரத்தில் நொடிக்கு 60 சட்டகத்துக்கு ட்விட்ச் என்ற நேரலைத் தளம் தரும் வழிகாட்டல் நொடிக்கு 6000 கிலோபிட். அது நொடிக்கு 750 கிலோபைட், ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிகாபைட். வீட்டில் மற்றவர்களும் அதே இணைப்பைப் பயன்படுத்துவார்கள், ஆகவே தாராளமாக மிச்சம் இருக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு சொல் கட்டாயம் சேர்க்க வேண்டும். மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் மதுரை வெயிலில், மாடி அறையில், விசிறியில் தூசி படிந்த மடிக்கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கிறது. காலையில் நன்றாக ஓடிய நேரலை பிற்பகலில் தடுமாறுவதற்கு இதுவே காரணமாக இருப்பதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். 'வெப்ப வேகக்குறைப்பு' என்று எழுதலாமா? நீளம்தான். 'சூட்டுத் தளர்வு' என்றும் யோசித்தேன், ஆனால் அது காய்ச்சல் கண்ட உடம்பைச் சொல்வதுபோல ஒலிக்கிறது. இதைவிடக் குறுகிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

'லேக்' என்ற சொல்லைக் கையேட்டிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் தேடுவது அந்தச் சொல்லைத்தான். தலைப்பில் அது இருக்கட்டும். முதல் பத்தியிலேயே புள்ளிவிவரச் சாளரத்தின் படத்தைப் போட்டு, மூன்று வரிகளுக்கும் நேராக மூன்று தமிழ்ப் பெயர்களை எழுதிவிடுவோம். படத்தை நான் எடுத்து அனுப்புகிறேன். 'தீட்டல்' வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு மறுமொழி எழுதுங்கள்.

அன்புடன்,
கோ. புதூர், மதுரை