மயிலாடுதுறை – தஞ்சை ரயில் கோயில் பயணம்: புதுப்பிப்பு

கார் எடுக்காமல் பாசஞ்சர் ரயிலிலேயே காவிரிக்கரைக் கோயில்களைப் பார்க்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன், நிறைய பேர் கார்தான் சரி என்றீர்கள். போய் வந்துவிட்டேன், தாராளமாக முடியும். ஆடுதுறை, திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம், கும்பகோணம், தாராசுரம், சுவாமிமலை எல்லாமே அடுத்தடுத்த ஸ்டேஷன்கள், ஜன்னலோரம் உட்கார்ந்தால் வயலுக்கு நடுவே கோபுரம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டே வரலாம்.

மனதில் நின்றது திருவிடைமருதூர். வரகுண பாண்டியனைத் தொடர்ந்து வந்த பிரம்மஹத்தி (பிராமணரைக் கொன்ற பாவம்) கிழக்கு வாசலிலேயே நின்றுவிட்டதாம், அதனால் உள்ளே போன வழியில் யாரும் திரும்புவதில்லை. என் முன்னால் போன ஒரு பாட்டி, வழி தெரியாமல் நின்ற பையனைக் கையைப் பிடித்து வேறு வாசலுக்குக் கூட்டிப்போனார். சுவாமிமலையில் 60 படி, தமிழ் வருடங்களின் கணக்கு, மெதுவாக ஏறுங்கள்.

திருநாகேஸ்வரத்தில் ராகு கால பாலாபிஷேகம் பார்க்க ஆசைப்பட்டால் ஞாயிறு மாலை 4.30க்கு முன்பே போய்விடுங்கள். மதியம் நடை சாத்தும் நேரத்தை ரயிலில் கழிக்கிற மாதிரி திட்டம் போடுங்கள். அப்புறம், பாசஞ்சர் வண்டிகள் குறைவு, டைம்டேபிளை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.