டேட்டாபேஸ் பழக்கமில்லாதவர்களுக்கு அதைத் திறந்துவிட்ட அனுபவங்கள்

எங்கள் நிறுவனத்தின் டேட்டாபேஸிலிருந்து அறிக்கைகள் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. விற்பனை, கணக்கு, சேவை என்று எல்லாப் பிரிவிலிருந்தும் "இந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று வருவார்கள். அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று, மவுஸால் இழுத்துப் போட்டு க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) அமைக்கும் திரை ஒன்று வந்தது. கொஞ்ச நாள் ஆர்வமாகப் பயன்படுத்தினார்கள். அப்புறம் பழையபடி என்னிடமே வந்தார்கள்.

கணக்குப் பிரிவில் ஒரு அக்கா அதைப் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆர்டர் டேபிளையும் பொருள் டேபிளையும் இணைத்து ஆர்டர் தொகையைக் கூட்டினார். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் 1000 மதிப்புள்ள ஆர்டரில் மூன்று பொருள்கள் இருந்தால், இணைத்தபின் அந்த 1000 மூன்று வரிசையிலும் வந்து நிற்கும், கூட்டினால் 3000. "இவ்வளவு விற்றிருக்க வாய்ப்பே இல்லையே" என்று அவர்தான் கண்டுபிடித்தார். தொழில் தெரிந்ததால் தப்பித்தார். புதிதாக வந்தவர் என்றால் அந்த எண் அப்படியே கூட்டத்துக்குப் போயிருக்கும்.

1974இல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் க்வெரி எழுதும் சீக்வல் மொழியை (இன்றைய எஸ்க்யூஎல்) வெளியிட்டபோதே, நிரல் எழுதாதவர்களையும் மனதில் வைத்துத்தான் செய்தார்கள். அதே நிறுவனத்தில் மோஷே ஸ்லூஃப், வெற்று அட்டவணையில் மாதிரியை நிரப்பிக் கேட்கும் முறையைக் கொண்டுவந்தார். இரண்டும் அருமையான யோசனைகள். ஆனால் கேள்வியை எழுதுவது எவ்வளவு சுலபமானாலும், உள்ளே இருக்கும் டேபிளுக்கு என்ன அர்த்தம் என்பது தெரியாமல் போனால் பயனில்லை.

அதனால் திரையை விட்டுவிட்டு வியூக்களில் இறங்கினேன். வியூ என்பது முன்கூட்டியே எழுதி வைத்த க்வெரி, பயனருக்கு ஒரு டேபிள் போலவே தெரியும். ஆர்டருக்கு ஒரு வரிசை என்று ஒன்று, பொருளுக்கு ஒரு வரிசை என்று இன்னொன்று. பெயரிலேயே அதைச் சொல்லிவிட்டேன். சுருக்கெழுத்துப் பெயர்களை எல்லாம் மாற்றினேன். அதிக நேரம் பிடித்தது 'நடப்பு வாடிக்கையாளர்' யார் என்று முடிவு செய்வதற்குத்தான். விற்பனைக்கு, 90 நாளுக்குள் வாங்கியவர். சேவைக்கு, கணக்கை மூடாதவர். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

*

மேலே சொன்ன சிக்கல்களோடு வெற்று மதிப்பையும் (எதுவும் பதியாத இடம், NULL) சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்துக்கான காரணம் 'விலை அதிகம்' அல்லாதவற்றை எங்கள் மேலாளர் கேட்டார். காரணமே பதியாத வரிசைகள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போயின. வெற்று மதிப்பை எதோடு ஒப்பிட்டாலும் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. அந்த வரிசை வடிகட்டியில் நின்றுவிடும். இதைப் பயனர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. வியூவிலேயே 'பதியவில்லை' என்று காட்டிவிட்டோம்.

*

எங்களிடம் இப்போது பேச்சு வழக்கில் கேட்டால் ஏஐ க்வெரி எழுதித் தருகிறது. அதற்குப் படிக்க மட்டும் அனுமதி, அதுவும் டேட்டாபேஸின் தனிப் பிரதியில், நேர வரம்போடு. இதெல்லாம் கட்டாயம். ஆனால் பயனர்களுக்கு உண்மையில் உதவியது வேறு: பதிலுக்கு மேலே, கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டது என்று இரண்டு வரி வரும். "கடந்த மாதம் என்பது 1ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை, ரத்தான ஆர்டர்கள் சேரவில்லை." க்வெரியைப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அதைப் பார்த்து "இல்லை, கடைசி 30 நாள்தான் வேண்டும்" என்று திருத்துகிறார்கள். அந்தத் திருத்தங்களைச் சேர்த்துவைத்து, அடுத்த கேள்விகளுக்கு மாதிரியாகக் கொடுக்கிறோம்.