எலைசாவை ரோபோவுக்கு மாற்றியதும் ஓரக் குழிகளில் மட்டும் அளவு ஏறுகிறது

கேள்வி: தட்டம்மை ஐஜிஜி எலைசாவை (ரத்தத்தில் தட்டம்மைக்கான எதிர்ப்பொருளை நிறமாற்றத்தை வைத்து அளக்கும் சோதனை) இத்தனை நாள் கையால் செய்தோம், இப்போது ரோபோவுக்கு மாற்றியிருக்கிறோம். 96 குழி பிளேட்டில் நடுவில் எல்லாம் சரி, ஓரத்தில் மட்டும் ஓடி (OD, நிறத்தின் அடர்த்தி அளவு) கூடுதலாக வருகிறது, ஒரே சீரத்தை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தாலும் அதே கதைதான். எங்கே தேடுவது?

பதில் 1: இன்குபேட்டரில் பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறீர்களா? அடுக்காதீர்கள். ஓரக் குழிகள்தான் முதலில் சூடேறும், ஆவியாவதும் அங்கேதான். பிளேட், கரைசல் எல்லாவற்றையும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ஆரம்பியுங்கள், மேலே சீலும் ஒட்டுங்கள்.

பதில் 2: வாஷரையும் பாருங்கள். கழுவி முடித்ததும் பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்தால் எந்தக் குழியில் சொட்டு தேங்கி நிற்கிறது என்று தெரிந்துவிடும்; எங்கள் வாஷரில் ஒரு ஊசி உப்பு படிந்து பாதி அடைபட்டிருந்தது, அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அப்புறம், நிறம் தரும் டிஎம்பி (TMB) கரைசலை ஊற்றிய அதே வரிசையில் அதே இடைவெளியில், வினையை நிறுத்தும் அமிலமும் விழ வேண்டும். கையால் செய்யும்போது பழக்கத்தில் நடந்துவிடும், ரோபோவுக்கு நாம் எழுதிக் கொடுத்தால்தான் நடக்கும்.

கேட்டவர்: அடுக்கித்தான் வைத்திருந்தோம்! தனித்தனியாக வைத்ததும் வித்தியாசம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மிக்க நன்றி, நாளைக்கு வாஷர் ஊசிகளைக் கழற்றிப் பார்க்கிறேன்.