பூட்டிய கணக்கைத் திறக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் சமூக வலைதளக் கணக்கு பூட்டப்பட்டு 19 நாள் ஆகிறது. "வழக்கத்துக்கு மாறான உள்நுழைவு" என்று ஒரு வரி, அவ்வளவுதான். கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடிபி, நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணுக்குப் போகிறது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியபோது வந்த மீட்புக் குறியீடுகளையும் எழுதி வைக்கவில்லை.

அடையாள அட்டையைப் படம் எடுத்து மூன்று முறை அனுப்பினேன். முகத்தை இடமும் வலமும் திருப்பி வீடியோவும் எடுத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் இரண்டே நிமிடத்தில் அதே பதில்: "உறுதிசெய்ய முடியவில்லை." அவ்வளவு சீக்கிரம் ஒரு மனிதர் பார்த்திருக்கவே முடியாது. அட்டையில் இனிஷியல் இருக்கிறது, கணக்கில் இல்லை. அதுதான் காரணமோ என்று ஒரு சந்தேகம்.

அப்பா கடைசியாக அனுப்பிய குரல் பதிவுகள் அதில்தான் இருக்கின்றன. வேறெங்கும் பிரதி இல்லை. கணக்கு போனாலும் பரவாயில்லை, அவை எனக்கு வேண்டும்.

இப்படி மாட்டி மீண்டவர்கள் யாராவது உண்டா? ஒரு மனிதரிடம் பேச எது வழி? முன்பு பயன்படுத்திய பழைய போனிலிருந்து முயன்றால் ஏற்குமா? அப்புறம், பணம் கொடுத்தால் திறந்து தருவதாகச் சொல்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.