விறகடுப்புப் புகையும் குழந்தையின் நிமோனியாவும்

கேள்வி:
என் தங்கை மகனுக்கு எட்டு மாதம். பிறந்தபோது எடை 1.9 கிலோ. இதற்குள் இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது. சன்னலில்லாத ஒற்றை அறையில், அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் ஊதுகுழலால் விறகடுப்பை ஊதுகிறாள். ஊரார் பனிதான் காரணம் என்கிறார்கள். அது சரியா?

மறுமொழி 1:
பனியை மட்டும் குறை சொல்ல முடியாது, ஐயா. குறைந்த பிறப்பு எடையும் ஒரு முக்கியக் காரணம். அதோடு ஊட்டக்குறைவும், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்காததும், நெரிசலான வீடும் சேரும்போது, சாதாரணச் சளியே நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது. வீட்டில் யாராவது பீடி புகைக்கிறார்களா?

மறுமொழி 2:
புகை குறித்து மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மலைக்கிராமங்களில் நடந்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. புகைபோக்கி அடுப்பு பெற்ற வீடுகளில் நிமோனியா மொத்தத்தில் தெளிவாகக் குறையவில்லையென்றாலும், கடுமையான நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே அடுப்பை மாற்றுவது பயன் தரும். அதுவரை சமைக்கும் நேரத்திலாவது குழந்தையை வெளியே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 3:
தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். நிமோனியாவை உண்டாக்கும் ஒருவகைக் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் இந்தியா முழுவதும் அரசு மையங்களில் இலவசம். 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என மூன்று தவணை. இவ்வயதில் அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேட்டவர்:
அட்டையைப் பார்த்தேன், 14ஆம் வாரக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. நாளை காலை செவிலியரிடம் அழைத்துச் செல்கிறேன்.