பெருங்குடலின் இடது மேல் வளைவு மட்டும் ஏன்?

நர்சிங் முதலாண்டு:
போன மாதம் அப்பாவுக்கு பிரஷர் திடீரென இறங்கியது, மறுநாள் மலத்தில் ரத்தம். பெருங்குடலில் மண்ணீரல் பக்கத்து வளைவில்தான் பாதிப்பு என்றார் டாக்டர். அந்த மூலை மட்டும் ஏன்?

தஞ்சாவூர்க்காரன்:
வயிற்றுக்குள் மகாதமனியின் முன்பக்கம் 3 பெரிய கிளைகள் பிரியும். முதலாவது இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்கு. இரண்டாவது சிறுகுடலுக்கும், குறுக்குப் பெருங்குடலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும். மிச்சம் மூன்றாவதுக்கு. பின்னிரண்டும் சந்திக்கும் எல்லைதான் அந்த வளைவு. எங்கள் கடைமடை வயல் மாதிரி, வரத்து குறைந்தால் அதுதான் முதலில் காயும்.

பழைய மாணவி:
ஓரமாக ஓடி இரண்டையும் இணைக்கும் டிரம்மண்ட் தமனி உண்டே?

தஞ்சாவூர்க்காரன்:
உண்டு. ஆனால் சிலருக்கு அந்த வளைவில் மெலிந்திருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது.

நர்சிங் முதலாண்டு:
சரி, அப்புறம் மலக்குடல் எப்படித் தப்பியது?

பழைய மாணவி:
அதற்கு இடுப்புத் தமனியிலிருந்தும் தனி வரத்து வருகிறதே!