சேர்ல உக்காந்தா 40 ஹெர்ட்ஸ் மட்டும் காணோம், சப்வூஃபர் ஃபால்ட்டா?

பேஸ்பிரியன்:
மக்களே ஒரு குழப்பம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. சப்வூஃபர் (அடி பேஸுக்குன்னே இருக்கிற தனி ஸ்பீக்கர்) முன்பக்க மூலையில இருக்கு, ரூம் நீளம் 4.3 மீட்டர், என் சேர் கிட்டத்தட்ட நட்டநடுவுல. டெஸ்ட் டோன் ஓட்டுனா 40 ஹெர்ட்ஸ்ல சத்தமே இல்ல, 80 வந்தா ஜன்னல் கண்ணாடி அதிருது. எந்திரிச்சு பின் சுவர் ஓரமா போய் நின்னா அதே 40 நெஞ்சுல இடிக்குது!! ஈக்வலைசர்ல (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியா ஏத்தி இறக்குறது) 40-ஐ நல்லா ஏத்திப் பாத்தேன், சேர்ல பெருசா ஒண்ணும் மாறல, சப்-போட கோன் (முன்னும் பின்னும் அசையுற கூம்பு) மட்டும் பேயாட்டம் ஆடுது. இதுல விநோதம் என்னன்னா, பாட்டு போட்டா அதே சேர்ல பேஸ் கிட்டாரோட அடி நோட்டு கூட சரியா புரியுது, அது 41 ஹெர்ட்ஸ்தானே? சப்-ஐ மாத்தணுமா?

கரண்ட்கம்பி:
ப்ளஸ் மைனஸ் ஒயர் மாறியிருக்கான்னு பாத்தீங்களா? ஸ்பீக்கரும் சப்-பும் எதிரெதிரா தள்ளுனா பேஸ் அடிபடும்.

பேஸ்பிரியன்:
மாத்தி மாட்டியும் பாத்தாச்சு ப்ரோ. ஸ்பீக்கரை கழட்டிட்டு சப் மட்டும் ஓட்டுனாலும் இதே கதைதான்.

அலைஞன்:
சப் மேல பழி போடாதீங்க, இது ரூம் பண்ற வேலை. சத்தம் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகுது, அப்போ 40 ஹெர்ட்ஸோட அலைநீளம் 8.6 மீட்டர், அதுல சரிபாதி உங்க ரூம். போற அலையும் பின் சுவர்ல பட்டு திரும்புற அலையும் சேர்ந்து நிலை அலை, அதாவது ஒரே இடத்துல நிக்கிற அலை, ஆகிடும். சுவர்கிட்ட காத்து நகர வழியில்ல, அதனால அங்க அழுத்தம் ஏறி இறங்குறது உச்சத்துல இருக்கும். நடுவுல தலைகீழ், காத்து நல்லாவே முன்னும் பின்னும் ஓடுது ஆனா அழுத்தம் மாறவே மாறாது. செவிப்பறை பிடிக்கிறது அழுத்த மாற்றத்தை, காத்தோட ஓட்டத்தை இல்ல. அதனாலதான் சேர்ல அமைதி. 80-க்கு முழு அலையும் ரூமுக்குள்ள அடங்குது, அதுக்கு ரெண்டு சுவரும் உச்சம், நடுவும் உச்சம், உங்க கண்ணாடி அதிர்றது அதான்.

ஈக்வலைசர்ல 10 டெசிபல் ஏத்துனா ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு பவர் தரணும், ஆனா போற அலை ஏறுற அளவுக்கு திரும்புற அலையும் ஏறும், பள்ளம் பள்ளமாவே இருக்கும். அந்த பூஸ்ட்டை முதல்ல எடுங்க, கோன் கிழிஞ்சிடப் போகுது. சேரை முன் சுவர்லருந்து 1.6 மீட்டர் வாக்குல நகத்திப் பாருங்க.

கரண்ட்கம்பி:
ஓ சரி சரி. அப்போ சுவர்ல ஃபோம் ஒட்டுனா?

அலைஞன்:
2 இன்ச் ஃபோம் கைதட்டல் எதிரொலியை அடக்கும், 8.6 மீட்டர் அலைக்கு அது இருக்கிறதே தெரியாது.

ராக்கோழி:
அந்த பாட்டு மேட்டருக்கு நான் சொல்றேன். டெஸ்ட் டோன்ல 40 மட்டும் தனியா இருக்கு, கிட்டார் நோட்டுல 41 கூடவே 82, 123, 165-னு வரிசையா வரும். அடியில உள்ள 41 காணாம போனாலும் மேல உள்ளதெல்லாம் 41 இடைவெளியில நிக்கிறதால மூளை 41-ங்கிற சுருதியையே கேக்குது. பழைய டெலிஃபோன் லைன்ல 300 ஹெர்ட்ஸுக்கு கீழ கிட்டத்தட்ட எதுவும் வராது, ஆம்பளை குரலோட அடிப்படை அதிர்வெண் 100, 120 பக்கம், இருந்தாலும் போன்ல அப்பா பேசினா அப்பா குரலாதானே கேட்டுச்சு? ட்யூன் கிடைக்கும், நெஞ்சுல அடிக்கிற கனம் கிடைக்காது.

இன்னொண்ணு, ராத்திரி வால்யூம் கம்மியா வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. 1000 ஹெர்ட்ஸ் 2, 3 டெசிபல் இருந்தாலே காதுக்கு எட்டிடும், 40-க்கு 50 டெசிபல் கிட்ட வேணும். ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லயே இதை வளைகோடா போட்டுக் காட்டிட்டாங்க.

பேஸ்பிரியன்:
பூஸ்ட்டை எடுத்துட்டு சேரை முன்னாடி தள்ளிட்டேன், 40 வந்துடுச்சு!! சுவர் பக்கம் மாதிரி இடி இல்ல, ஆனா தெளிவா இருக்கு. 80 இன்னும் கொஞ்சம் உறுமுது, அதுக்கும் ஈக்வலைசர் வேஸ்ட்டா?

அலைஞன்:
இல்ல, மேட்டை வெட்டலாம், பள்ளத்தைதான் நிரப்ப முடியாது. 80-ஐ மட்டும் குறுகலா பிடிச்சு 3, 4 டெசிபல் இறக்குங்க. அகலமா இழுத்தீங்கன்னா பக்கத்துல இருக்கிற நல்ல பேஸும் சேர்ந்து போயிடும்.